சிவப்பு விளக்கில் திரும்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கார் ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து, சிவப்பு சிக்னலில் திரும்புவது தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. சென்னையில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று நாம் சொல்வதன் இடத்தில் அங்கே இருப்பது ரைட். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்தப் பதில் எந்த ஊருக்கு என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

சிவப்பில் ரைட் எடுக்குமுன் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? மூன்று விநாடி எண்ணச் சொல்கிறார் ஒருவர். வேகத்தைக் குறைத்தாலே போதும் என்கிறார் இன்னொருவர்.
— வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

வேகத்தைக் குறைத்தால் போதாது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 21453-ஆம் பிரிவு முழு நிறுத்தத்தைக் கேட்கிறது. சக்கரம் சுற்றாமல் நிற்க வேண்டும். விநாடிக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. மூன்று விநாடி என்பது ஓட்டக் கற்றுத்தருபவர்கள் சொல்லும் பழக்கம். நல்ல பழக்கம்தான். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று பார்த்து முடிக்க எப்படியும் அவ்வளவு நேரம் பிடிக்கும்.

எங்கே நிற்பது என்பதைச் சட்டம் வரிசைப்படுத்தியே சொல்கிறது. வெள்ளை நிறுத்தக்கோடு இருந்தால் அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும். கோடு இல்லாமல் கிராஸ்வாக் (நடப்பவர் சாலையைக் கடக்கும் பட்டை) மட்டும் இருந்தால், அதற்குள் நுழையாமல் நிற்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் சந்திப்புக்குள் நுழையுமுன் நிற்க வேண்டும்.

நிறையப் பேர் அபராத டிக்கெட் வாங்குவது இந்த இடத்தில்தான். கோட்டைத் தாண்டி, கிராஸ்வாக்கின் மேல் போய் நின்று, குறுக்குச் சாலையை எட்டிப் பார்க்கிறார்கள். கார் நின்றது உண்மைதான், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முதலில் கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து சாலை தெரியவில்லையென்றால், கிராஸ்வாக்கில் யாரும் இல்லை, இறங்கத் தயாராகவும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்ல முன்னேறுங்கள். தெரியும் இடம் வந்ததும் மறுபடி நில்லுங்கள். அதன் பிறகே திரும்ப வேண்டும்.

வரிசையில் இரண்டாவதாக நிற்பவருக்கும் இதே கணக்குதான். முன்னால் இருந்த கார் திரும்பிப் போனதும் அதன் பின்னாலேயே போய்விட முடியாது. அந்தக் காருக்குப் பின்னால் நின்றது கோட்டில் நின்றதாகாது. முன்னேறி வந்து கோட்டில் மீண்டும் ஒருமுறை நிற்க வேண்டும்.

திரும்புவதற்கு 100 அடி முன்பே இண்டிகேட்டர் போட்டிருக்க வேண்டும். ஓரத்தில் சைக்கிள் பாதை இருந்தால், திருப்பத்துக்கு முந்தைய 200 அடிக்குள், பின்னால் சைக்கிள் வரவில்லை என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பாதைக்குள் வந்து ஓரமாகத் திரும்ப வேண்டும். பாதைக்கு வெளியிலிருந்தே திரும்பினால், வலப்பக்கம் நேராக வரும் சைக்கிள்காரரின் குறுக்கே போவீர்கள். திரும்பிச் சேர வேண்டிய லேன் வலக்கோடி லேன். அடுத்த சிக்னலில் லெஃப்ட் எடுக்க வேண்டும் என்பதற்காக ஒரே வீச்சில் நடு லேனுக்குப் பாய்வது தவறு.

நிற்காமல் உருட்டிக்கொண்டே ரைட் எடுத்தால் அடிப்படை அபராதம் 35 டாலர்தான். அதன்மேல் மாநிலமும் மாவட்டமும் சேர்க்கும் தொகைகளால் மொத்தம் 200 டாலரைத் தாண்டிவிடும். சிவப்பில் நேராகப் போனால் அடிப்படையே 100 டாலர். மொத்தம் 500 டாலரை நெருங்கும். ஓட்டுநர் பதிவில் ஒரு தவறுப் புள்ளியும் ஏறும். லைசென்ஸ் தேர்வில் இப்படி உருட்டினால், மற்ற எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் அந்த ஒன்றுக்காகவே தேர்வு போய்விடும்.

நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பலகை எதுவும் இல்லாத இடத்தில் சிவப்பிலேயே திரும்பித்தான் ஆக வேண்டுமா?
— வாசகர், சான் ஹோசே

இல்லை. சட்டம் திரும்ப அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. பச்சை வரும்வரை காத்திருந்தால் எந்த விதிமீறலும் இல்லை. உங்கள் இடப்பக்க லேனில் லாரியோ பேருந்தோ வந்து நின்று சாலையை மறைக்கிறதா, மழையில் கண்ணாடி மங்கியிருக்கிறதா, புது ஊரா, காத்திருங்கள். ஹாரன் அடிப்பவருக்கு உங்கள் முன்னால் இருக்கும் கிராஸ்வாக் தெரியாது. பச்சை வலது அம்பு எரிந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போது வழி உங்களுக்குத்தான். கிராஸ்வாக் காலியாக இருந்தால் கிளம்பிவிட வேண்டும்.

இடப்பக்கமிருந்து கார் எதுவும் வராததைப் பார்த்துத்தான் சிவப்பில் ரைட் எடுத்தேன். எதிர்ப்பக்கமிருந்து வந்த கார் என்மீது மோத வந்தது. தவறு யாருடையது?
— வாசகர், இர்விங், டெக்சாஸ்

உங்களுடையது. சிவப்பில் திரும்புபவருக்கு யார்மீதும் முன்னுரிமை கிடையாது. பச்சையில் வருகிற எல்லோருக்கும், நடந்து கடக்கிற எல்லோருக்கும் அவர் வழிவிட வேண்டும். டெக்சாஸிலும் இதுதான் விதி.

இடப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. சிக்னல் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்தால் ஆபத்து எங்கிருந்து வரும் என்பது விளங்கும். நீங்கள் தெற்கிலிருந்து வடக்கே போகிறீர்கள், ரைட் எடுத்துக் கிழக்கே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

வடக்கிலிருந்து உங்களுக்கு எதிரே வருபவர்களுக்கு லெஃப்ட் பச்சை அம்பு விழுகிறது. அவர்களும் கிழக்கேதான் திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் குறுக்குச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். இடப்பக்கம் பார்த்தால் ஒரு கார் இருக்காது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து யூ-டர்ன். கிழக்கிலிருந்து, அதாவது உங்கள் வலப்பக்கமிருந்து வரும் ஒருவர், லெஃப்ட் அம்பில் யூ-டர்ன் அடித்தால் நீங்கள் சேரப்போகும் லேனுக்கே வந்து விழுவார். அவருக்குப் பச்சை, உங்களுக்குச் சிவப்பு. யூ-டர்ன் அனுமதிக்கப்பட்ட பெரிய சந்திப்புகளில் இதைத் தனியாகக் கவனியுங்கள்.

மூன்றாவது, நடப்பவர். உங்களுக்குச் சிவப்பு எரியும்போதுதான் உங்கள் காருக்கு நேர் முன்னால் கடப்பவர்களுக்கு ‘வாக்’ விளக்கு எரிகிறது. அவர்களில் பாதிப் பேர் உங்கள் வலப்பக்க நடைபாதையிலிருந்து இறங்குகிறார்கள். நீங்களோ கார் வருகிறதா என்று இடப்பக்கம் பார்த்துக்கொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள். நடைபாதையில் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வரும் பிள்ளைகள் நடப்பவரைவிட வேகமாக வந்து சேர்ந்துவிடுவார்கள். அதனால் கடைசிப் பார்வை வலப்பக்கம் இருக்கட்டும். இடப்பக்கம் பார்த்தாயிற்று, இடைவெளி கிடைத்துவிட்டது என்றாலும், கால் பிரேக்கை விடுமுன் வலது ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வட்டச் சிவப்புக்குப் பதிலாக சிவப்பு அம்பு எரிந்தால்?
— வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

நீங்கள் இருக்கும் மாநிலத்தில், தடைப் பலகை இல்லாவிட்டால், சிவப்பு அம்பிலும் முழுதாக நின்று, வழிவிட்டு, ரைட் எடுக்கலாம். அதே பழக்கத்தோடு கலிஃபோர்னியாவுக்குப் போகாதீர்கள். அங்கே சிவப்பு அம்பு எரிந்தால் அந்தத் திசையில் திரும்பவே கூடாது. பச்சை வரும்வரை நிற்க வேண்டும். நியூயார்க் மாநிலத்திலும் அப்படித்தான். எந்த ஊர்ச் சட்டம் என்ன என்று நினைவில்லாத இடத்தில் சிவப்பு அம்புக்கு நின்றுவிடுவதே நல்லது.

டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வட கரோலினாவின் கேரிக்குக் குடிவந்திருக்கிறோம். மிஷிகனில் சிவப்பில் லெஃப்ட்டும் எடுப்போம். இங்கே எடுக்கலாமா?
— வாசகர், கேரி

கூடாது. வட கரோலினாவில் சிவப்பில் ரைட் உண்டு, லெஃப்ட் கிடையாது.

பல மாநிலங்களில் ஒருவழிச் சாலையிலிருந்து இன்னொரு ஒருவழிச் சாலைக்குச் சிவப்பில் லெஃப்ட் எடுக்கலாம். காரணம் எளிது. இரண்டும் ஒன்வே என்றால் எதிர் வண்டியைக் குறுக்கிட வேண்டியதில்லை; ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகிற திருப்பம்தான் அது. கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃப்ளோரிடா, இல்லினாய், நியூயார்க் நகரம் நீங்கலான நியூயார்க் மாநிலம் ஆகியவை இந்த வகை.

மிஷிகன், வாஷிங்டன், ஒரெகன், ஐடஹோ, அலாஸ்கா ஆகியவை இன்னும் ஒரு படி மேலே போய், இருவழிச் சாலையிலிருந்தும் ஒருவழிச் சாலைக்குச் சிவப்பில் லெஃப்ட் எடுக்க விடுகின்றன. நடுத்திட்டு வைத்த பெரிய சாலைகளில் நேரடியாக லெஃப்ட் எடுக்க விடாமல், கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரச் செய்யும் ‘மிஷிகன் லெஃப்ட்’ உங்களுக்குப் பழகியிருக்கும். அந்தத் திரும்புவழி ஒன்வே, போய்ச் சேரும் சாலையும் ஒன்வே. அதனால் அங்கே சிவப்பில் நின்று லெஃப்ட் எடுப்பது அன்றாடம் நடப்பது.

வட கரோலினாவைப் போலவே நியூஜெர்சியிலும் கனெக்டிகட்டிலும் சிவப்பில் லெஃப்ட் இல்லை. மாநிலம் மாறியவர்கள் லைசென்ஸ் மாற்றும்போது கண் பரிசோதனையோடு முடிந்துவிட்டது என்று ஓட்டுநர் கையேட்டைப் புரட்டாமல் விடுவார்கள். திரும்புதல் பற்றிய பக்கங்களையாவது படியுங்கள்.

எடிசனில் இருக்கிறோம். வாரக் கடைசியில் நியூயார்க் நகரத்துக்குப் போவதுண்டு. அங்கே ரைட் எடுத்ததற்குக் கேமரா டிக்கெட் வந்துவிட்டது. தடைப் பலகையே இல்லையே?
— வாசகர், நியூஜெர்சி

பலகை தேவையில்லை. அமெரிக்காவின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் தடை செய்யப் பலகை வைக்கிறார்கள். நியூயார்க் நகரில் நேர்மாறு: அனுமதிக்கும் பலகை இருந்தால்தான் சிவப்பில் திரும்பலாம். அப்படிப்பட்ட பலகைகளில் பெரும்பாலானவை ஸ்டேட்டன் தீவில் இருக்கின்றன. மன்ஹாட்டனில் சிவப்பு என்றால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகர எல்லையைத் தாண்டி லாங் ஐலேண்டின் நாசோ மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் பழைய விதி திரும்ப வந்துவிடும்.

நகரின் கேமரா அபராதம் 50 டாலர். வண்டியின் சொந்தக்காரர் பெயருக்கு வரும். ஓட்டியவர் யார் என்று பார்ப்பதில்லை, புள்ளியும் ஏறாது. வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். போலீஸ்காரர் நேரில் நிறுத்தி எழுதும் டிக்கெட் இதைவிட அதிகம். அதில் புள்ளியும் உண்டு.

சிவப்பில் திரும்ப எதற்காக அனுமதித்தார்கள்? இப்போது சில நகரங்கள் ஏன் தடை செய்கின்றன?
— வாசகி, ஆன் ஆர்பர், மிஷிகன்

அனுமதி பரவியதற்குக் காரணம் பெட்ரோல். மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் இந்தப் பழக்கம் முன்பே இருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியதும் அமெரிக்காவில் எரிபொருள் சேமிப்பு பெரிய பேச்சாயிற்று. சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம் என்று, 1975-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டத்தில், மத்திய அரசின் சேமிப்புத் திட்ட நிதி வேண்டும் மாநிலங்கள் சிவப்பில் ரைட் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தார்கள். மாநிலங்கள் வரிசையாக வழிக்கு வந்தன. கடைசியாக வந்தது மாசசூசெட்ஸ், 1980 ஜனவரி 1.

அந்தக் கணக்கில் காரில் இருப்பவரின் நேரமும் பெட்ரோலும் இருந்தன. நடப்பவர் சரியாக எண்ணப்படவில்லை. அதைத்தான் நகரங்கள் இப்போது திருத்துகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவின் டெண்டர்லாய்ன் பகுதியில் 2021-இல் 50-க்கும் மேற்பட்ட சந்திப்புகளில் தடை வந்தது. உங்கள் ஆன் ஆர்பரும் 2023-இல் நகர மையத்தில் தடை செய்ய முடிவெடுத்தது.

இதில் சிக்னல் பொறியியல் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. நடப்பவர்களுக்கு வண்டிகளைவிடக் குறைந்தது 3 விநாடி முன்னதாக ‘வாக்’ காட்டும் முறையைப் பல நகரங்கள் வைத்திருக்கின்றன. அந்த 3 விநாடியில் எல்லா வண்டிகளுக்கும் சிவப்பு. நடப்பவர்கள் சாலைக்குள் வந்து, ஓட்டுநர் கண்ணில் நன்றாகப் பட்ட பிறகே வண்டிகளுக்குப் பச்சை விழும். சிவப்பில் ரைட் அனுமதித்தால், அதே 3 விநாடியில் ஒருவர் குறுக்குச் சாலை காலியாகிவிட்டதே என்று திரும்பி, அப்போதுதான் இறங்கியவர்மேல் போய்விடக்கூடும். முன்னதாக நடக்க விடுவதும் சிவப்பில் திரும்ப விடுவதும் ஒரே மூலையில் சேர்ந்து இருக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. எரிபொருளில் மிச்சமாகும் துளிக்காக மையப் பகுதிகளில் இந்தத் திருப்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தடைப் பலகையில் நேரமும் எழுதியிருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். காலை 7 முதல் மாலை 7 வரை, பள்ளி நாட்களில், நடப்பவர் இருக்கும்போது என்று பல விதம் உண்டு. சில சந்திப்புகளில் மின்பலகை தேவையான நேரத்தில் மட்டும் எரியும். பலகை சிக்னலுக்குப் பக்கத்தில் மேலே தொங்கும், அல்லது வலது மூலைக் கம்பத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் கண்ணை ஓட்டுங்கள்.

அப்பா சென்னையிலிருந்து மூன்று மாதம் தங்க வருகிறார். நாற்பது வருடமாக ஓட்டுகிறவர். கலிஃபோர்னியாவில் அவரிடம் காரைக் கொடுக்கலாமா?
— வாசகர், சன்னிவேல்

சட்டப்படி கொடுக்கலாம். 18 வயது நிரம்பிய வருகையாளர், செல்லுபடியாகும் தன் நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டலாம். முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் அப்பா ஓட்டினால் காப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் குடியேறியவர் என்பதால் உங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. குடியேறிய 10 நாட்களுக்குள் கலிஃபோர்னியா லைசென்ஸுக்குப் போயிருக்க வேண்டும்.

நாற்பது வருட அனுபவம் சந்திப்பில் எதிர்மாறாக வேலை செய்யும். சென்னையில் லெஃப்ட் எடுக்கும்போது வண்டி வருவது வலப்பக்கமிருந்து. அங்கே ரைட் எடுக்கும்போது வண்டி வருவது இடப்பக்கமிருந்து. அவசரத்தில் கண் பழைய பக்கத்துக்கே போகும். இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவார், ஏனென்றால் நம்மூர்க் கார்கள் பலவற்றில் வலப்பக்கம் இருக்கும் அந்தக் குச்சி அங்கே இடப்பக்கம் இருக்கிறது. காலி வண்டி நிறுத்துமிடத்தில் முதலில் ஓட்டவிடுங்கள். முதல் வாரத்தில் சிவப்பில் திரும்பவே வேண்டாம், பச்சைக்குக் காத்திருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஃப்ரீ லெஃப்டில் நிற்காமல் வளைந்துபோய்ப் பழகியவருக்கு, காலியான சாலையில் முழுதாக நிற்பது வீண் வேலையாகத் தோன்றும். ஊரிலும் இந்தப் பழக்கத்தை விடுவது நல்லது. ‘ஃப்ரீ லெஃப்ட்’ பலகையோ பச்சை இடது அம்போ இல்லாத சந்திப்பில் சிவப்புக்கு நின்றுவிட வேண்டும். பலகை இருந்தாலும், கடப்பவருக்கு வழிவிட்ட பிறகே திரும்ப வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்து உண்டாகும்படி சிவப்பைத் தாண்டுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஸ்கார்பரோவிலிருந்து மாண்ட்ரியலுக்குக் காரில் போகிறோம். விதி ஒன்றுதானே?
— வாசகி, டொராண்டோ

வேறு வேறு. ஒன்டாரியோவில் பலகை தடுக்காத இடத்தில் முழுதாக நின்று சிவப்பில் ரைட் எடுக்கலாம். ஒன்வேயிலிருந்து ஒன்வேக்கு லெஃப்ட்டும் எடுக்கலாம். கியூபெக்கில் 2003-இல்தான் ரைட்டை அனுமதித்தார்கள், அதுவும் மாண்ட்ரியல் தீவை விட்டுவிட்டு. தீவுக்குள் நுழையும் வழிகளில் இதைச் சொல்லும் பலகை இருக்கும். நீங்கள் தங்கப்போவது தீவுக்குள் என்றால் அங்கே இருக்கும் நாள் முழுக்கச் சிவப்பில் திரும்பாதீர்கள்.

ஒன்டாரியோ கேமராக்களுக்கு ரைட் திருப்பம் விலக்கு என்று நினைக்காதீர்கள். நிற்காமல் உருண்டு திரும்பினாலும் படம் எடுக்கும். அபராதம் 325 கனடா டாலர்.

புயலில் மின்சாரம் போய் சிக்னலே அணைந்திருந்தால் எப்படித் திரும்புவது? சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால்?
— வாசகர், மார்க்கம், ஒன்டாரியோ

அணைந்த சிக்னலை நான்கு பக்கமும் ‘ஸ்டாப்’ பலகை வைத்த சந்திப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இருக்கும் ஒன்டாரியோவிலும் கலிஃபோர்னியாவிலும் இதுதான் விதி. எல்லோரும் நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் இடப்பக்கம் இருப்பவர், வலப்பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு, ‘ஸ்டாப்’ பலகைக்குச் சமம். முழுதாக நின்று, வழி கிடைத்தால் ரைட், லெஃப்ட், நேர் எதுவும் போகலாம். ஆனால் குறுக்குச் சாலைக்கு மஞ்சள் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கலாம். அவர்கள் நிற்க மாட்டார்கள். எதிரே இருப்பவர் நிற்கிறார் என்பதற்காகக் குறுக்கே வருபவரும் நிற்பார் என்று எண்ணி வண்டியை எடுக்காதீர்கள்.